கல்லும் ஓலையும்: பௌத்தத் தலங்களையும் நூல்களையும் சேர்த்து வாசிக்க ஓர் அறிமுகம்

போபாலுக்கு வடகிழக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில், சிறு குன்று ஒன்றின் மேல் இருக்கிறது சாஞ்சி. அங்குள்ள பெரிய தூபியைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான கல்வேலி நிற்கிறது. அதன் கம்பங்களிலும் குறுக்குக் கற்களிலும் ஒற்றை வரியில், சில சமயம் அரை வரியில், ஏதேதோ வெட்டியிருக்கிறார்கள். 1830களில் அதை வாசிக்க உலகத்தில் ஒருவராலும் முடியவில்லை. பிராமி எழுத்து அடியோடு மறந்துபோயிருந்தது.

கல்கத்தா நாணயசாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் அந்த வரிகளின் படிகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் வேறு வேறு. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கடைசி எழுத்து ஒரு படுக்கைக்கோட்டின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் குச்சி, பக்கத்தில் ஒரு புள்ளி. ஒரு கோயில் மாதிரியான இடத்தில் ஆளாளுக்கு ஒரு கல்லில் என்ன எழுதிவைப்பார்கள்? 'இன்னார் கொடுத்தது' என்றுதானே! நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊகம் உடனே பிடிபடும். அந்த இரண்டெழுத்து 'தானம்' என்று அவர் யூகித்தார். தமிழில் மூன்று எழுத்து, பிராமியில் இரண்டு. அதற்கு முன்னால் வரும் எழுத்து 'உடைய' என்ற பொருள் தரும் 'ஸ' என்றும் புரிந்தது. 1837இல் இந்தக் கதவு திறந்ததும், அசோகரின் தூண்களும் பாறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசத் தொடங்கின.

பௌத்தத் தலங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இந்தியாவில் பௌத்தத்தின் கட்டடங்கள் நின்றன, நூல்கள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. இலங்கையிலும் பர்மாவிலும் திபெத்திலும் சீனாவிலும் நூல்கள் நின்றன, அவை பேசும் இடங்கள் அங்கே இல்லை. இரண்டும் பல நூற்றாண்டுகள் பிரிந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி சந்தித்தன. ஆகவே தலங்களைத் தனியாகவும் நூல்களைத் தனியாகவும் பட்டியல் போட்டுப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

சரி, அடிப்படைச் சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். பௌத்தத் தலம் ஒன்றில் பொதுவாக மூன்று வகைக் கட்டடங்கள் இருக்கும். தூபி, விகாரை, சைத்தியம். தூபி என்பது உள்ளே வெற்றிடம் இல்லாத, கவிழ்த்த கிண்ணம் போன்ற மேடு. உள்ளே நுழைய முடியாது. சுற்றி வலம்தான் வரலாம். அதன் வயிற்றுக்குள் ஒரு பேழை, பேழைக்குள் புத்தரின் அல்லது ஒரு பெரிய துறவியின் எலும்புத் துண்டோ சாம்பலோ இருக்கும். விகாரை துறவிகள் தங்கும் இடம்: நடுவில் முற்றம், சுற்றிலும் ஒருவர் படுக்கும் அளவில் சிறு அறைகள். சைத்தியம் வழிபாட்டுக்கான இடம். குடைவரைகளில் அது நீண்ட கூடமாக, கோடியில் ஒரு தூபியோடு இருக்கும். அஜந்தாவில் இருக்கும் சுமார் முப்பது குகைகளில் பெரும்பாலானவை விகாரைகள், சில மட்டும் சைத்தியக் கூடங்கள். இது தெரியாமல் போனால் எல்லாம் ஒரே மாதிரி இருட்டறைகளாகத் தெரியும்.

இவை எப்படி வந்தன என்பதற்குப் பதில் நூல்களில் இருக்கிறது. புத்தர் உடலை எரித்தபின், எலும்புகளுக்காகப் பல அரசர்கள் படையோடு வந்து நின்றதையும், துரோணர் என்ற பிராமணர் அதை எட்டுப் பங்காகப் பிரித்துச் சண்டையைத் தவிர்த்ததையும் புத்தரின் கடைசி நாட்களைப் பற்றிய பாளி உரையான மகாபரிநிப்பான சுத்தம் சொல்கிறது. எட்டுப் பங்குக்கும் எட்டுத் தூபி. எலும்பு அளந்த பானைக்கு ஒன்று, மிஞ்சிய கரிக்கு ஒன்று. ஆகப் பத்து.

விகாரை வந்த கதை இன்னும் சாதாரணமானது. துறவிகள் ஊர் ஊராக நடப்பவர்கள். மழைக்காலத்திலும் நடந்து, முளைவிட்ட பயிரையும் புழு பூச்சியையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைபட்டார்கள். அதனால் மழை மாதங்கள் மூன்றும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதி வந்தது. தங்குவதற்கு இடம் வேண்டுமே? யாராவது தோட்டம் கொடுத்தார்கள், குடில் எழுந்தது, குடில் காலப்போக்கில் செங்கல் கட்டடம் ஆனது. நாளந்தாவின் நீண்ட அறை வரிசைகளுக்கு மூலம், பயிர் மிதிபட்டதாக எழுந்த ஒரு புகார்.

இந்தக் கதைகள் எங்கே இருக்கின்றன? திரிபிடகத்தில். பிடகம் என்றால் கூடை. மூன்று கூடைகள்: விநயம், சுத்தம், அபிதம்மம். மொழி பாளி. இவை நூல்கள் என்றாலும் பல தலைமுறைகளுக்கு எழுத்தே கிடையாது. எல்லாம் மனப்பாடம். புத்தர் மறைந்த சில மாதங்களில் ராஜகிருகத்தில் ஐந்நூறு துறவிகள் கூடினார்கள் என்றும், உபாலி விநயத்தையும், இருபத்தைந்து ஆண்டுகள் புத்தரின் நிழல்போலக் கூடவே இருந்த ஆனந்தர் சுத்தங்களையும் சொன்னார்கள் என்றும் மரபு கூறுகிறது. ஒவ்வொரு சுத்தமும் 'இவ்வாறு நான் கேட்டேன்' என்று தொடங்குவது அதனால்தான். அந்த 'நான்' ஆனந்தர். அடுத்த வரி பெரும்பாலும் இடத்தைச் சொல்லும்: 'ஒரு சமயம் பகவான் சாவத்தியில், ஜேத வனத்தில், அனாதபிண்டிகரின் தோட்டத்தில் தங்கியிருந்தார்.' பெயரும் இடமும் சொல்லாமல் பேச்சு தொடங்குவதில்லை. பின்னால் அகழாய்வுக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு கைகொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

விநய பிடகம் சங்கத்தின், அதாவது துறவிகளின் அமைப்பின், சட்டப் புத்தகம். இலங்கையும் பர்மாவும் பின்பற்றும் தேரவாத மரபில் பிக்குகளுக்கு 227 விதிகள், பிக்குணிகளுக்கு 311. சட்டம் என்றதும் சலித்துக்கொள்ள வேண்டாம், மூன்று கூடைகளில் வாசிக்க மிகச் சுவையானது இதுதான் என்பேன். ஒவ்வொரு விதிக்கும் முன்னால் 'ஒருவர் இப்படிச் செய்தார், ஊரார் முகம் சுளித்தார்கள்' என்று ஒரு சம்பவம் வரும். அன்றைய தெரு, கடை, சாப்பாடு, மருந்து எல்லாம் அதில் வந்துவிடும். துறவிகளின் காவித்துணி ஏன் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்ததுபோல இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் ஆனந்தருக்குக் காட்டி, இப்படி ஓர் ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் கேட்டாராம். ஆனந்தர் தைத்தார். இன்றைக்கும் பிக்குவின் ஆடையைத் தரையில் விரித்துப் பார்த்தால் வரப்பு தெரியும்.

சுத்த பிடகம் புத்தரின் பேச்சுகள். அதில் ஐந்து தொகுதிகள், நிகாயங்கள் என்பார்கள். நீளமானவை தீக நிகாயத்தில், நடுத்தரமானவை மச்சிம நிகாயத்தில், பொருள்வாரியாகச் சேர்த்தவை சம்யுத்த நிகாயத்தில், எண் வாரியாக அடுக்கியவை அங்குத்தர நிகாயத்தில். ஐந்தாவது குத்தக நிகாயம். குத்தகம் என்றால் சிறியது. பெயர்தான் சிறியது, தம்மபதத்தின் 423 பாடல்கள், ஜாதகக் கதைகள், துறவிகளின் பாடல்கள் எல்லாம் இதற்குள்தான். இதில் தேரிகாதை என்பது முழுக்கப் பெண் துறவிகளின் பாடல்கள். முத்தா என்ற பிக்குணியின் பாடல் ஒன்று: மூன்று கோணல்களிலிருந்து நான் விடுபட்டேன், உரல், உலக்கை, அப்புறம் கூனல் கணவன். பிறப்பு இறப்பிலிருந்தும் விடுபட்டேன் என்று முடிக்கிறார். விடுதலையின் வரிசையில் உரல்தான் முதலில் வருகிறது.

அபிதம்மம் மனதையும் பொருளையும் நுணுகிப் பகுக்கும் தத்துவம். ஆரம்பத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் வரும். எழுதாமல் வைத்திருந்த நூல் பழையதுதான் என்று எப்படி நம்புவது? பின்னால் யாரோ எழுதிச் சேர்த்திருக்கலாமே? இங்கேதான் கல் சாட்சிக்கு வருகிறது.

ராஜஸ்தானின் பைராட்டில் அசோகரின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அசோகரின் மற்ற கல்வெட்டுகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குச் சொன்னவை, இது சங்கத்துக்கு எழுதிய கடிதம். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, புத்தர் சொன்னதெல்லாம் நன்றாகச் சொன்னதே என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் மெல்ல ஒரு பரிந்துரை செய்கிறார்: இந்த ஏழு பகுதிகளைப் பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும். ஏழுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். 'முனி காதை', 'உபதிசரின் கேள்வி', பொய் பேசுவது பற்றிப் புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை என்று வரிசை போகிறது. ராகுலனுக்குச் சொன்னது இன்றும் மச்சிம நிகாயத்தில் இருக்கிறது. முனியைப் பற்றிய பாடல் குத்தக நிகாயத்தின் சுத்த நிபாதத்தில் இருக்கிறது. ஒருசிலவற்றை எதோடு பொருத்துவது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியும், ஓர் அரசர் பாடப்பட்டியல் போடும் அளவுக்கு அன்றைக்கே உரைகள் பெயரோடு புழங்கின என்பது உறுதி.

அடுத்த சாட்சி மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் தூபி. அதன் கல்வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் சுமார் கி.மு. 2ஆம் அல்லது 1ஆம் நூற்றாண்டு. அங்கும் 'தானம்' வரிகள். கொடுத்தவர்களில் ஒருவர் தன்னை 'பேடகி' என்கிறார், அதாவது பிடகம் அறிந்தவர். இன்னொருவர் 'பச்சநேகாயிகர்', ஐந்து நிகாயங்களும் அறிந்தவர். படித்த பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளும் ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. அந்த ஆசையால், 'கூடை' என்ற பிரிவும் 'ஐந்து நிகாயம்' என்ற பிரிவும் எவ்வளவு பழையவை என்பதற்கு நமக்குக் கல்லில் ஆதாரம் கிடைத்தது.

பார்ஹுத்தில் ஒரு வட்டச் சிற்பம் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். மாட்டுவண்டி அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது, மாடுகள் ஓய்வாகப் படுத்திருக்கின்றன. ஆட்கள் வண்டியிலிருந்து எதையோ சுமந்து இறக்குகிறார்கள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சதுரச் சதுரமாக எதையோ பரப்புகிறார்கள், தளம் போடுவதுபோல. நடுவில் ஒருவர் கையில் கெண்டியோடு நிற்கிறார். விநயத்தில் வரும் கதை இது: அனாதபிண்டிகர் என்ற சாவத்தி வணிகர் ஜேத இளவரசனின் தோப்பைப் புத்தருக்காக விலைக்குக் கேட்டார். கோடிக் காசு பரப்பினாலும் தரமாட்டேன் என்றான் இளவரசன். அவன் விலை சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, வண்டியில் காசு கொண்டுவந்து தோப்பு முழுக்கப் பரப்பினார் வணிகர். பரப்புகிற அந்தச் சதுரங்கள் காசுகள். அன்றைய முத்திரைக் காசுகள் பல உண்மையிலேயே சதுரமாகத்தான் இருந்தன. கெண்டி, நீர் வார்த்துத் தாரை கொடுப்பதற்கு. சிற்பத்தின் கீழே தலைப்பும் உண்டு: 'கோடி பரப்பி வாங்கிய ஜேதவனத்தை அனாதபேடிகர் கொடுக்கிறார்.' விநயத்தில் இளவரசன் வாயில் வரும் அதே 'கோடி பரப்பி' என்ற சொல்! ஓலைக்கு வருவதற்கு முன்பே அந்தச் சொல் சிற்பியின் உளிக்கு வந்துவிட்டது.

ஓலைக்கு எப்போது வந்தது? கி.மு. 1ஆம் நூற்றாண்டில், இலங்கை அரசன் வட்டகாமணி அபயன் காலத்தில், பஞ்சமும் போரும் பார்த்த இலங்கைத் துறவிகள், மனப்பாடம் செய்தவர்கள் இறந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து எழுதிவைத்தார்கள். மாத்தளை அருகே அலுவிகாரையில் அது நடந்தது என்பது மரபு. அந்த ஓலைகள் கிடையாது, ஓலை நம் வெயிலிலும் பூச்சியிலும் அவ்வளவு காலம் தாங்காது. கையில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய பௌத்தச் சுவடிகள் பழைய காந்தாரப் பகுதியைச் சேர்ந்தவை: பூர்ஜ மரப்பட்டைச் சுருள்கள், மண்பானைக்குள் வைத்துப் புதைத்தவை, வலமிருந்து இடமாக எழுதும் கரோஷ்டி எழுத்து, காந்தாரி மொழி. 1994இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்த ஒரு தொகுப்பு ஏறக்குறைய கி.பி. 1ஆம் நூற்றாண்டினது.

இனி தலங்கள். நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும் என்று புத்தரே சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தத்தில் வருகிறது: பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் போதித்த இடம், மறைந்த இடம். லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகரம். லும்பினி இன்று நேபாளத்தில். அங்கே 1896இல் வெளிப்பட்ட அசோகர் தூண், 'இங்கே சாக்கியமுனி புத்தர் பிறந்தார்' என்று நேராகவே சொல்கிறது. பட்டமேறிய இருபதாம் ஆண்டில் அரசர் நேரில் வந்து வணங்கினார், இந்த ஊருக்கு வரி நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் போதும் என்றார் என்பதும் அதிலேயே இருக்கிறது. பக்தியை வரிச்சலுகையில் காட்டிய அரசர்.

புத்தகயாவில் போதி மரமும், புத்தர் அமர்ந்த இடத்தைக் குறிக்கும் கல்லிருக்கையான வஜ்ராசனமும், செங்கல் கோயிலும். மரம் அதே மரம் அன்று, வழிவழியாக நட்டுவந்தது. குசிநகரத்தில் படுத்த கோலத்தில் ஆறு மீட்டர் நீளப் புத்தர். இரண்டையும் பற்றி வழிகாட்டிகள் நிறையச் சொல்வார்கள், எனவே நான் சாரநாத்துக்கே போகிறேன்.

சாரநாத் என்றால் எல்லோருக்கும் நான்கு சிங்கங்கள் நினைவுக்கு வரும். 1904–05 அகழாய்வில் கிடைத்த தூண் தலை, 1950இல் நாட்டின் சின்னமானது. அந்த அகழாய்வுக்கு நூறு ஆண்டுக்கும் மேல் முன்னதாக, 1794இல், அங்கிருந்த ஒரு தூபியைச் செங்கல்லுக்காக இடித்தார்கள். உள்ளே பேழையும் எலும்பும் இருந்தன. என்னவென்று தெரியாததால் எலும்பைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, மரியாதையாகத்தான் விட்டார்கள். படித்துச் சொல்ல நூல் இல்லாத இடத்தில் தூபி வெறும் செங்கல் மேடு.

ஆனால் சாரநாத்தில் எனக்குப் பிடித்தது சிங்கமல்ல, ஒரு கல்குடையின் உடைந்த துண்டு. கி.பி. 2–3ஆம் நூற்றாண்டு. அதில் நான்கு வரியில், பாளியில், 'பிக்குகளே, உன்னத உண்மைகள் இந்த நான்கு' என்று வெட்டியிருக்கிறது: துக்கம், துக்கத்தின் தோற்றம், துக்கம் அடங்குவது, அதற்கான வழி. முதல் உரையின் மையம். அந்த உரை சொல்லப்பட்டதாக நூல் கூறும் அதே இடத்தில், அந்த உரையின் கருத்தையே கல்லில் எழுதி நட்டிருக்கிறார்கள்.

நூல்கள் எப்படிப் போயின, எப்படித் திரும்பின? சீனத் துறவி யுவான் சுவாங் 629 வாக்கில் புறப்பட்டு வந்து, நாளந்தாவில் ஆண்டுக்கணக்கில் படித்து, 645இல் 657 நூல்களோடு ஊர் திரும்பினார். இருபது குதிரைகள் சுமந்தன. அன்று அவர் தூக்கிப்போனதை இங்கிருந்தவர்கள் ஓர் இழப்பாக நினைத்திருக்க மாட்டார்கள், ஒரு படிதானே! பின்னால் 12ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி கிழக்கிந்திய மடங்கள் சூறையாடப்பட்டு, அரசர் கொடையும் நின்று, படியெடுக்கும் கைகள் இல்லாமல் போனபோது, வெளியே போன படிகளே மிஞ்சின. வங்காளத்தையும் பீகாரையும் ஆண்ட பாலர் காலத்து ஓவிய ஓலைச்சுவடிகள் சில நேபாளத்துக்கும் திபெத்துக்கும் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தன. பிற்காலப் பிரிவான மகாயானத்தின் நூல்களான தாமரைச் சூத்திரமும் பிரக்ஞாபாரமிதை நூல்களும் இப்படித்தான் சீன, திபெத்திய மொழிபெயர்ப்புகளிலும் ஒதுங்கிய சுவடிகளிலும் நமக்குக் கிடைக்கின்றன. தேதி குறிப்பிட்ட அச்சு நூல்களில் மிகப் பழையதாக அறியப்படுவது 868இல் சீனாவில் அச்சான வஜ்ரச்சேதிகை, நம் நாட்டுச் சமஸ்கிருத நூலின் சீன வடிவம்.

யுவான் சுவாங் ஊர் ஊராக, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று குறித்து வைத்திருந்தார். அந்தப் பயணக்குறிப்பு 1850களில் பிரெஞ்சில் வந்ததும், ராணுவப் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். 1861இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியபின் அவருக்கு அதுவே வழிகாட்டி. சாகேத்–மாகேத் என்று கிடந்த மேடு சாவத்தி ஆனது, அதன் அருகே ஜேதவனம் வெளிப்பட்டது. 'ஒரு சமயம் பகவான் சாவத்தியில்' என்று ஆயிரம் தடவை ஓதப்பட்ட இடத்துக்கு வரைபடத்தில் புள்ளி கிடைத்தது.

நாளந்தாவின் இடிபாடுகளில் விரலளவு களிமண் முத்திரைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் ஒரே செய்யுள்: காரணத்தால் பிறப்பவை எவையோ அவற்றின் காரணத்தைத் ததாகதர் (புத்தர்) சொன்னார், அவை அடங்குவதையும் சொன்னார், பெருந்துறவியின் வாக்கு இதுவே. விநயத்தில், அஸ்ஸஜி என்ற பிக்கு பிச்சை எடுத்துத் திரும்பும்போது, பின்னால் புத்தரின் முதன்மைச் சீடரான சாரிபுத்தரிடம் சொன்ன செய்யுள் இது. இந்த முத்திரைகளைச் சிறு தூபிகளுக்குள் வைத்து மூடினார்கள். முன்பு எலும்பு இருந்த இடத்தில் இப்போது வாக்கு. தூபியைக் கட்டியவர்களே கல்லையும் நூலையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

தெற்கே வருவோம். காவிரிப்பூம்பட்டினத்தில் பாளி நூலாசிரியர் புத்ததத்தர் அபிதம்மத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அந்த ஊரைச் சொல்லித்தான் மணிமேகலையும் நகர்கிறது. அதன் கடைசிக் காதையில் வரும் பன்னிரு நிதானங்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்று காரணமாகும் பன்னிரண்டு கண்ணிகள், அஸ்ஸஜியின் செய்யுளுக்கு விரிவுரை மாதிரி. அந்த ஊரின் பல்லவனீச்சுரத்தில் தோண்டியபோது செங்கல் விகாரையும் புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் வந்தன.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணா கரை அமராவதியின் வெண்சுண்ணக் கற்கள் அங்கே சுவரோடு நிற்கின்றன. இன்னொரு பெரும்பகுதி லண்டனில். 1797இல் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி பார்த்தபோதே உள்ளூர் ஜமீன்தாரின் கட்டட வேலைக்காக மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் அந்தக் கூடத்தில் நான் சிற்பங்களைத்தான் பார்த்தேன், ஓரத்து எழுத்துகளை அலங்காரக் கோடு என்று நினைத்துவிட்டேன். அவை பெயர்கள். இல்லத்தரசி, தோல் தொழிலாளி, வணிகன், பிக்குணி, அவளுடைய மகள். அமராவதியின் ஒரு கல்வெட்டில் கொடுத்தவர்கள் மூவர்: தமிள கண்ணன், அவன் தம்பி சின்னக் கண்ணன், சகோதரி நாகை. மகாசைத்தியம் எனப்பட்ட அந்தப் பெருந்தூபியின் அடியில் நிறுத்த ஒரு செங்குத்துப் பலகைக்கல் அவர்கள் தந்தது.